பச்சை வண்டியில் ஒரு சத்தம்

ஸ்டீரிங்காரருக்கு வண்டியில் ஸ்டீரிங் ஒன்றைத் தவிர வேறு எதிலும் அக்கறை கிடையாது. இன்ஜின் நின்றுபோன வண்டியை நாலு பேர் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாலும், முதலில் ஸ்டீரிங்கைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓர் ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். நன்றாகத்தானே இருக்கிறது என்பார். ஐயா, வண்டி ஓடவில்லை என்று சொன்னால், அதற்கு நான் என்ன செய்ய என்பது போல ஒரு பார்வை. இப்படிப்பட்ட மனிதரைக் கூட்டு வைத்துக்கொண்டு பட்டறை நடத்துவது லேசுப்பட்ட காரியமா? அவருடைய மச்சானைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பட்டறை இருவருக்கும் பொது. நீளமான தகரக் கொட்டகை. ஒரு பாதியில் மச்சான் நசுங்கிய கதவுகளையும் மட்கார்டுகளையும் தட்டி நிமிர்த்துவான், மறுபாதியில் ஸ்டீரிங்காரர் வண்டிக்குள் தலையும் வெளியில் காலுமாகக் கிடப்பார். சிறு வயதில் அவர் லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆள் குள்ளம், பானெட்டுக்குள் கை எட்டாது. சரி, இவனை ஸ்டீரிங்குக்குக் கீழே சுருட்டிப் போடலாம் என்று அங்கே யாரோ முடிவு செய்தார்கள். அப்படி வந்த வேலை அவரோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பானெட்டைத் திறந்தால் ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறித்தான் வேலை செய்வார். அதைப் பார்த்து யாராவது சிரித்தால் கையில் இருக்கும் ஸ்பானர் பேசும் என்பதால் யாரும் சிரிப்பதில்லை.

பழைய வண்டிகளில் ஸ்டீரிங் சத்தம் என்பது பெரிய தலைவலி. ஸ்டீரிங் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அதைப் போர்த்திக்கொண்டு ஒரு குழாய். மேலே குழாய்க்கும் தண்டுக்கும் நடுவில் புஷ் என்கிற ஒரு சிறு வளையம், கீழே பல்சக்கரங்கள் அடங்கிய ஸ்டீரிங் பாக்ஸ், அதன் தலையில் ஒரு திருகாணி. இதில் எது தேய்ந்தாலும் கடகட என்று சத்தம் வரும். எங்கே தேய்ந்தாலும் குழாய் முழுவதும் அதிரும். அதனால் சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஸ்டீரிங்காரர் மட்டும் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். அதற்கென்று ஒரு கம்பி வைத்திருந்தார். ஒரு முனையில் மரப்பிடி. கம்பியின் முனையைக் குழாயில் ஊன்றி, மரப்பிடியை முன்பற்களால் கடித்துக்கொள்வார். யாரையாவது சக்கரத்தை மெல்ல ஆட்டச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் கம்பியை வாயிலிருந்து எடுத்து, "பாக்ஸ்ல பேசுது" என்றோ "புஷ்ல பேசுது" என்றோ சொல்வார். அங்கே பிரித்தால் அதுதான். திருகாணியை முடுக்குவதற்கும் இதே வழிதான். முதலில் சத்தம் பேசும்வரை தளர்த்துவார். பிறகு சத்தம் வாயை மூடும்வரை இறுக்குவார். மூடிய அந்த இடத்தில் நிறுத்திப் பூட்டிவிடுவார். அதைத் தாண்டி ஒரு மயிரிழை இறுக்கினாலும் ஸ்டீரிங் கனத்துப்போகும், வளைவில் திருப்பினால் தானாகத் திரும்பி வராது.

கம்பி கடிப்பது அவருடைய ஜம்பம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மச்சான் பெயிண்ட் பிரஷைக் கடித்துக்கொண்டு அவரைப் போலவே கண்ணை மூடிக் காட்டி, டீக்கடையில் சிரிப்பை அள்ளியிருக்கிறான். உண்மை அவருடைய மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மனிதருக்குக் காது கேட்பதில்லை. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது. போன் வந்தால் அழுக்குக் கை என்று சொல்லி மனைவியிடம் நீட்டுவார். குளித்துவிட்டு வந்த கையும் அழுக்குக் கைதான். காது போனதற்குக் காரணம் பக்கத்துப் பாதியில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தகரத்தில் விழுந்த சுத்தியல். அதைச் சொன்னால் மச்சான் மனசு கஷ்டப்படும் என்று முதலில் சொல்லவில்லை. பிறகு சொன்னால் வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. ஆக, சத்தம் கண்டுபிடிக்கிற ஆள் பல்லால்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பல்லுக்கும் ஒரு நாள் வந்தது. மேல்வரிசை ஒவ்வொன்றாக ஆடியது, விழுந்தது. கம்பி கடித்துக் கடித்துத்தான் போயிற்று என்றார் அவர். டீயில் போட்டுக்கொள்ளும் சர்க்கரையால் போயிற்று என்றாள் மனைவி. பல் டாக்டரம்மா இரண்டு பேருக்கும் நடுவில் சிக்காமல், மிச்சமிருந்ததையும் பிடுங்கிவிட்டு மேல்வரிசைக்கு முழுசாக ஒரு செட் கட்டிக் கொடுத்தார். நாளாக ஆக ஈறு வற்றும், செட் தளரும், அப்போது மறக்காமல் வாருங்கள், சரி செய்து தருகிறேன் என்று படித்துப் படித்துச் சொன்னார். ஸ்டீரிங்காரர் உதட்டைப் பார்த்துக்கொண்டு நன்றாகத் தலையாட்டினார். போகவில்லை.

அந்த டாக்டரம்மாவிடம் ஒரு பழைய பச்சை வண்டி இருந்தது. பெரிய ஸ்டீரிங் சக்கரம், எலும்பு நிறம், விரல் தடிமன்தான் இருக்கும். தினமும் அதில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார். வண்டி ஸ்டீரிங்கில் ஒரு சத்தம், காலையில் முதல் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே தலை வலிக்க ஆரம்பித்துவிடுகிறது என்று பட்டறையில் கொண்டுவந்து விட்டார்.

வண்டி வந்த நேரம் சரியில்லை. கொஞ்ச காலமாகவே மச்சான், பம்ப் வைத்து வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் போடலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். தண்ணீர்க் குழாயும் சாக்கடை வழியும் ஸ்டீரிங்காரரின் பாதியில்தான் இருந்தன. புது வண்டிகளில் அவருக்கு வேலை இல்லை. பழைய வண்டிகள் எப்போதாவது ஒன்று. மற்ற நேரமெல்லாம் அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததை மச்சான் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்? போதாததற்கு, பல் போனதிலிருந்து வந்த ஒன்றிரண்டு வண்டிகளையும் அவர் ஏதேதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார். பச்சை வண்டியைப் பார்த்ததும் மச்சான் நேராகவே கேட்டுவிட்டான்.

"மாமா, இந்த வண்டி சத்தம் இல்லாம வெளிய போச்சுன்னா நான் பம்ப் பேச்சையே எடுக்க மாட்டேன். போகலைன்னா இடத்தைக் குடுத்துடுங்க."

ஸ்டீரிங்காரர் சரி என்றார். மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி இருவரையும் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆட்கள் இல்லை இரண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடம் போனால் இந்த மனிதர் என்ன செய்வார்? வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளின் ஸ்டீரிங்கை நினைத்துக் கவலைப்படுவார். அவருக்குப் பயமாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல் வேலையாகக் கம்பியை எடுத்துப் புதுப் பல்லில் கடித்துப் பார்த்தார். செட் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. இன்னொரு தரம் கடித்தார். ஒன்றும் கேட்கவில்லை, மரக்கட்டையைக் கடித்த மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் கையால் தடவிப் பார்த்து, மேல் புஷ் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பழையதை எடுத்துப் புதிதாகக் கடைந்து போட்டார். பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, பழுது சொல்ல முடியாது. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கல் பதித்த தெருவுக்குப் போனார். கிடங்குகள் இருக்கிற தெரு, பாரவண்டிகள் ஏறி ஏறிக் கல்லெல்லாம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். எந்தச் சத்தமும் அங்கே ஒளிந்திருக்க முடியாது.

பாதித் தெரு போவதற்குள் அது கேட்டது. டக் டக் டக் டக். அப்படியொரு தெளிவு. பல வருஷமாக அவர் எந்தச் சத்தத்தையும் இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. கம்பி இல்லை, கடிக்கவில்லை, சும்மா ஓட்டிக்கொண்டு போகும்போதே தாடையில் வந்து தட்டுகிறது. வண்டியை ஓரமாக நிறுத்தினார். சத்தமும் நின்றது. எடுத்தார். டக் டக் என்று ஆரம்பித்துவிட்டது. சத்தம் தீரவில்லையே என்று வருத்தப்பட வேண்டியவர், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார். காது திரும்பி வந்துவிட்டது. புதுப் பல் வைத்ததில் உள்ளே எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்தது திறந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வண்டிச் சத்தம் என்று அவர் கேட்டதெல்லாம் தாடை வழியாகத்தான் அவருக்கு வந்திருக்கிறது. தாடையில் ஒரு சத்தம் வந்தால் அது வண்டியுடையது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் காது வந்த கதையைச் சொன்னார். அவள் அடுக்களைக்குள் போனாள், உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. பாத்திரம் ஒன்றைக் கீழே போட்டுப் பார்த்தாள். மனிதர் ஜன்னலைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்து, பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பாவம், அதுதான் அவள் செய்த தப்பு.

அடுத்த நாள் முதல் பச்சை வண்டி படாத பாடு பட்டது. குழாயை வண்டியோடு பிடித்திருக்கும் பட்டையைக் கழற்றி ரப்பர் மாற்றினார். சத்தம் கேட்டது. உள்ளே போகும் ஹாரன் கம்பிக்குத் துணி சுற்றினார். கேட்டது. கடைசியில் மரப்பெட்டிமேல் ஏறி ஸ்டீரிங் பாக்ஸின் திருகாணியைக் கொஞ்சம் முடுக்கினார். கேட்டது. இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தரமும் கல் தெருவுக்குப் போய், வாயைத் திறந்தபடி கூர்ந்து கேட்பார். கூர்ந்து கேட்கும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள்வது அவருக்குப் பழக்கம். கேட்டுவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் முடுக்குவார்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார் ஒரு நாள். ரோடு மோசமான இடத்தில் அதே டக் டக். சும்மா இருப்பாரா? இறங்கும்போது டிரைவரிடம், உன் ஸ்டீரிங் பட்டை தளர்ந்திருக்கிறது, பார்த்துக்கொள் என்று புத்தி சொன்னார். போன வாரம்தான் மாற்றினோம், உங்கள் வேலையைப் பாருங்கள் பெரியவரே என்று அந்த ஆள் சுள்ளென்று விழுந்தான். ஊரில் எல்லா வண்டிக்கும் இதே வியாதி வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். புத்தி எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. சந்தோஷத்தில் இருக்கிற மனிதனுக்குப் புத்தி வேலை செய்வதில்லை.

டாக்டரம்மா வண்டியை எடுத்துப் போக வந்தார். மச்சானும் கூட ஏறிக்கொள்ள, ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்கள். சத்தம் அறவே இல்லை என்றார் டாக்டரம்மா. பட்டறை வாசலில் வண்டியைத் திருப்பும்போது அவர் இரண்டு கையாலும் சக்கரத்தை இழுத்ததை ஸ்டீரிங்காரர் பார்த்தார். இறங்கியதும் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டதையும் பார்த்தார். கொஞ்சம் கனமாக இருக்கிறது, பழகிவிடும் போலிருக்கிறது என்று அந்த அம்மா மரியாதையாகச் சொன்னார். ஸ்டீரிங்காரர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். சத்தம் இருக்கிறது, எனக்குக் கேட்கிறது, சத்தத்தோடு என் கையிலிருந்து வண்டி போகாது.

"எனக்குக் கேக்கலையே மாமா" என்றான் மச்சான்.

"உனக்கு ஏன் கேக்கும்? சத்தத்தோட வெளிய போனா இடம் உனக்குல்ல. நான் முடுக்குறதை ராத்திரில நீயே கழட்டி விட்டிருப்பே, யார் கண்டா?"

வெளியாளுக்கு முன்னால் கேட்ட கேள்வி. மச்சானுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன் பாதிக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டான். டாக்டரம்மா சங்கடப்பட்டுக்கொண்டே நடந்து போனார். அதன்பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. டீ வந்தால் ஆளுக்கொரு மூலையில் நின்று குடித்தார்கள். பம்ப்காரருக்கு மட்டும் மச்சான் சொல்லி அனுப்பினான், திங்கட்கிழமை வந்து இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. மாமாவே சத்தம் இருக்கிறது என்கிறார். சத்தம் இருந்தால் இடம் யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீரிங்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தம்பி பொய் சொல்கிறான், நீயே வந்து கேள், நீ சொன்னால் அவன் ஒத்துக்கொள்வான் என்று பிடிவாதமாக அழைத்து வந்தார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கல் தெருவில் வண்டியை இறக்கினார்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இன்ஜின் சத்தம் கேட்டது. டயர் கல்லில் ஏறி இறங்குவது கேட்டது. கூடவே லேசாக ஏதோ டிக் டிக் என்று கேட்கிற மாதிரியும் இருந்தது, ஆனால் அது எதிரிலிருந்து வரவில்லை, பக்கவாட்டிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தாள். புருஷன் கண்ணை ரோட்டில் வைத்து, வாயை அரைகுறையாகத் திறந்து, உயிரைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திறந்த வாய்க்குள் மேல்வரிசைப் பல் முழுவதும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தரம் கீழே இறங்கி, கீழ்ப்பல்லைத் தட்டிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றுபோயிற்று. அவர் தோளைத் தொட்டு, வண்டியை நிறுத்தச் சொல்லி, தன் முகத்தை அவர் பார்க்கும்படி திருப்பிக்கொண்டாள்.

"என்னங்க, பல்லைக் கழட்டுங்க."

எதற்கு என்று எரிந்து விழுந்தார். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் கழற்றி அவள் கையில் வைத்தார். தெருமுனைக்குப் போய்த் திருப்பிக்கொண்டு, அதே கற்களின்மேல் மறுபடியும் ஓட்டினார். ஒன்றும் இல்லை. முழு நிசப்தம். இன்னொரு தரம் ஓட்டினார், வேகமாக, வேண்டுமென்றே பள்ளமாகப் பார்த்துப் பார்த்து. பஞ்சுமேல் போகிற மாதிரி இருந்தது. கிடங்குச் சுவரோரம் வண்டியை நிறுத்திவிட்டு அவர் அழுதார். மேல்பல் இல்லாத வாயை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"அப்ப காது வரலையா?" என்று கேட்டார்.

"வரலைங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவள் அவருக்கு ஒரு வழி சொன்னாள். யாருக்கும் தெரிய வேண்டாம். சத்தம் நின்றுவிட்டது என்று சொல்லி நாளைக்கு வண்டியைக் கொடுத்துவிடுங்கள், தம்பிதான் சத்தம் இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டானே. இடமும் தங்கும், மானமும் தங்கும். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவரும் தலையாட்டிவிட்டு, வண்டியை எடுத்துப் பட்டறைப் பக்கம் திருப்பினார். அப்போதுதான் அவருடைய கைகள் விழித்துக்கொண்டன. இத்தனை நாளும் சத்தத்தையே துரத்திக்கொண்டிருந்ததில் அவர் கவனிக்காத ஒன்று. திருப்பிவிட்ட சக்கரம் திருப்பின இடத்திலேயே நின்றது. திரும்பி வரவில்லை. இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது. இல்லாத சத்தத்துக்காக இருக்கிற ஸ்டீரிங்கை இறுக்கிக் கொன்று வைத்திருக்கிறார். டாக்டரம்மா இரண்டு கையாலும் இழுத்ததும், மணிக்கட்டைத் தேய்த்ததும் கண்முன்னால் வந்தன. அவசரத்துக்கு ஒரு வளைவில் அந்த அம்மா என்ன செய்வார்?

திருகாணியைத் தளர்த்துவது ஒரு பெரிய வேலை இல்லை. எதுவரை தளர்த்துவது என்பதுதான் வேலை. பேசும்வரை தளர்த்தி, வாயை மூடும்வரை இறுக்க வேண்டும். அதைக் கேட்பது யார்? மனைவியை வைத்துப் பார்த்தார். கம்பியைக் கடித்ததுமே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எல்லாமே ஒரே கரகரப்பாகக் கேட்கிறது, எது எதென்று தெரியவில்லை என்று கம்பியைத் திருப்பிக் கொடுத்தாள். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான். தகரத்தைத் தட்டும்போது வருகிற சத்தத்தை வைத்தே உள்ளே துரு இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். அவனைக் கூப்பிட்டால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் இடம் போச்சு. காது கேட்காத ஆளுக்கு எதற்கு இடம்?

திங்கட்கிழமை காலை மச்சான் கொட்டகையைத் திறந்தபோது ஸ்டீரிங்காரர் பச்சை வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நேராக அவனிடம் போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பல்செட்.

"இதுதான்டா சத்தம்" என்றார். "நீ கழட்டலை. நான் சொன்னது தப்பு. எனக்குக் காது கேக்காது, ரொம்ப நாளாவே கேக்காது. பல்லாலதான் கேட்டுட்டு இருந்தேன், இப்ப அதுவும் இல்லை."

மச்சானுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். பஸ் டிரைவர் கதையையும் அவரே சொன்னபோது தரையில் உட்கார்ந்துவிட்டான். ஸ்டீரிங்காரர் பொறுமையாக நின்றார். பட்ட அவமானத்துக்கு அவன் சிரித்துக்கொள்ளட்டும் என்றுதான் அந்தக் கதையையும் சொன்னார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் எழுந்ததும், எலும்பு நிறச் சக்கரத்தைக் காட்டினார்.

"இதை நான் கெடுத்து வெச்சிருக்கேன். தளர்த்தணும். நீ கேட்டுச் சொன்னாதான் முடியும். சொல்லிட்டு இடத்தை எடுத்துக்கோ."

மச்சான் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். கம்பி முனையைக் குழாயில் ஊன்றி மரப்பிடியைக் கடித்தான். பெயிண்ட் பிரஷைக் கடித்துக் கேலி செய்த அதே வாய்தான். வாயில் பிடி இருந்தால் பேச முடியாது என்பதால், பேசினால் ஒரு விரல், வாயை மூடினால் முஷ்டி என்று ஏற்பாடு. ஸ்டீரிங்காரர் மரப்பெட்டிமேல் ஏறினார். பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையிலிருந்த சந்தில் மச்சானின் கை தெரிந்தது. ஒரு கையால் அவன் சக்கரத்தை மெல்ல மெல்ல ஆட்டினான். இவர் தளர்த்தினார். முஷ்டி. இன்னும் தளர்த்தினார். முஷ்டி. எவ்வளவு தளர்த்தியும் முஷ்டியாகவே இருந்ததில், அவர் எவ்வளவு இறுக்கியிருக்கிறார் என்பது அவருக்கே தெரிந்து வெட்கமாயிருந்தது. ஒரு வழியாக விரல் எழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சானின் கண் இரண்டும் விரிந்தன. இரும்பு பேசுவதை அவன் முதல் தரம் கேட்கிறான்.

இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்க ஆரம்பித்தார். விரல். விரல். விரல் மடங்கப் போய், தயங்கி, மறுபடியும் நிமிர்ந்தது. அவசரப்படாத கை என்று மனசுக்குள் அவனை மெச்சிக்கொண்டார். பிறகு முஷ்டி. அங்கேயே நிறுத்திப் பூட்டினார்.

இரண்டு பேரும் கல் தெருவுக்குப் போனார்கள். பல்செட் மச்சானின் சட்டைப் பையில் இருந்தது. முனையில் திருப்பிவிட்டு ஸ்டீரிங்காரர் கையை எடுத்தார். சக்கரம் தானாகச் சுழன்று வந்து நேராக நின்றது.

வழியில் அவருக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து மச்சான் கேட்டான், காது எப்போதிலிருந்து இப்படி என்று. இனி மறைக்க என்ன இருக்கிறது? நீ அந்தப் பெரிய சுத்தியலை வாங்கின வருஷத்திலிருந்து என்று சொல்லிவிட்டார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பட்டறை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

டாக்டரம்மா வந்து, ஒரே கையால் வண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார். பிறகு அவருடைய தொழில் கண் ஸ்டீரிங்காரரின் வாயைப் பார்த்தது. பல் எங்கே என்று கேட்டார். ஸ்டீரிங்காரர் மச்சானின் சட்டைப் பையைக் காட்டினார். செட் தளர்ந்துவிட்டதா, அப்போதே வரச் சொன்னேனே, நாளைக்கு வாருங்கள், இறுக்கித் தருகிறேன் என்றார் டாக்டரம்மா.

"ரொம்ப இறுக்கிடாதீங்கம்மா" என்றார் ஸ்டீரிங்காரர்.

பச்சை வண்டி தெருமுனை திரும்பியது. அதே முனையில் பம்ப்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். ஸ்டீரிங்காரர் தன் சாமான்களை மரப்பெட்டிக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தார். ஸ்பானர், திருப்புளி, மிச்சமிருந்த ரப்பர் துண்டுகள். கம்பியைத் தேடினார். கம்பி மச்சானின் கையில் இருந்தது. வாசலில் நின்று அவன் பம்ப்காரரிடம் ஏதோ பேசினான். முதுகுப்பக்கம் தெரிந்ததால் என்ன பேசினான் என்று இவருக்குத் தெரியவில்லை. பம்ப்காரர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

"ஏன்டா போறாரு? சொன்ன சொல்லு சொன்னதுதான், வந்து அளக்கச் சொல்லு."

மச்சான் கிட்டே வந்தான். தன் உதட்டை அவர் பார்க்கும்படி நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"சத்தம் இல்லாம வெளிய போனா இடம் உங்களுதுன்னுதானே பேச்சு? இல்லாமதான் போச்சு. நான் கடிச்சுக் கேட்டேன்."

கம்பியைக் கொண்டுபோய் அதன் ஆணியில் மாட்டினான். அன்று பொழுது சாயும்வரை அவன் தன் சுத்தியலைத் தொடவில்லை.